ஆகாசவாணி, தூர்தர்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே செய்தியறிக்கை மத்திய அலையிலும் வருகிறது, பண்பலையிலும் வருகிறது, டிஷ், கேபிள், இணையம் என்று வேறு வழிகளிலும் வருகிறது. ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிக் கோளாறு உண்டு. "ரேடியோ எடுக்கலை", "டிடி வரலை" என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் சரிசெய்ய முடியாது. எந்த வழியில் வரவில்லை என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாடு, புதுச்சேரி நேயர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

பிரசார் பாரதி, ஆகாசவாணி, தூர்தர்ஷன் மூன்றும் ஒன்றா?

பிரசார் பாரதி என்பது தாய் நிறுவனம். வானொலிப் பிரிவு ஆகாசவாணி, தொலைக்காட்சிப் பிரிவு தூர்தர்ஷன். பழைய ஆவணங்களில் ஆல் இந்தியா ரேடியோ என்றும் தமிழில் அகில இந்திய வானொலி என்றும் இருப்பதும் இதே ஆகாசவாணிதான். 1936 ஜூன் 8 முதல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வழங்கிவந்தது. ஒலிபரப்பிலும் கடிதங்களிலும் ஆகாசவாணி என்று மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று 2023 மே மாதம் உத்தரவு வந்தது.

தூர்தர்ஷன் 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது. அப்போது அது வானொலியின் ஒரு பகுதிதான். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1976 ஏப்ரல் 1-ல், தொலைக்காட்சி தனித் துறையாகப் பிரிந்தது.

சென்னை வானொலிக்கு இதைவிட நீண்ட முன்கதை உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924-லேயே ஒலிபரப்பியது. கையில் பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. அதன் கருவியை வாங்கி 1930-ல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையமும், 1939 மே 16-ல் திருச்சி நிலையமும் பிறந்தன.

இது அரசு நிறுவனமா, தன்னாட்சி அமைப்பா?

சட்டப்படி தன்னாட்சி அமைப்பு. பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியது. ஆனால் ஏழு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 1997 நவம்பர் 23 அன்றுதான் நிறுவனம் நடைமுறைக்கு வந்தது. நடுவில், 1995 பிப்ரவரியில், வானலைகள் பொதுமக்களின் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிடப்பில் கிடந்த சட்டத்துக்கு உயிர் வந்ததில் அந்தத் தீர்ப்புக்கும் பங்குண்டு.

தலைவரையும் உறுப்பினர்கள் பலரையும் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அதற்குப் பெயர் பரிந்துரைப்பது மூவர் குழு: மாநிலங்களவைத் தலைவர், இந்தியப் பத்திரிகை மன்றத் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர். நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காக, இதை ஒலிபரப்பு அல்லது ஒலிபரப்பாதே என்று மத்திய அரசு உத்தரவிட 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி உத்தரவின்பேரில் ஒலிபரப்பும்போது அதைச் சொல்லியே ஒலிபரப்பலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

நடைமுறை வேறு மாதிரி. 2007 அக்டோபர் 5-க்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் இன்றும் அரசு ஊழியர்கள்தான். அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுகிறார்கள். செலவில் பெரும்பகுதி மத்திய அரசின் மானியம். சட்டத்தில் தன்னாட்சி, பணப்பையில் அரசின் கை என்று சொன்னால் அது மிகையல்ல.

வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலம் 1980-களோடு முடிந்தது. இன்று கேட்பதற்கோ பார்ப்பதற்கோ பிரசார் பாரதிக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால் அது மோசடி.

மத்திய அலையில் எந்த நிலையம் எங்கே கிடைக்கும்?

சென்னை முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936, கோவை 999, தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197, புதுச்சேரி 1215, மதுரை 1269. அறிவிப்பாளர் மீட்டரில் சொல்வதும் இதே இடத்தைத்தான். 3,00,000-ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வந்துவிடும்: 720 என்றால் 416.7 மீட்டர், 936 என்றால் 320.5 மீட்டர்.

மேலே உள்ள எண்களில் எதை வேண்டுமானாலும் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருப்பதே காரணம். அமெரிக்காவில் இந்த இடைவெளி 10. உறவினர் அங்கிருந்து வாங்கிவந்த டிஜிட்டல் ரேடியோவில் சென்னை மட்டும் தெளிவாகக் கேட்டு, திருச்சியும் புதுச்சேரியும் கரகரத்தால் பெட்டியில் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அது 930-லிருந்து 940-க்குத் தாவுகிறது, நடுவே இருக்கும் 936-ல் நிற்பதே இல்லை. 720 மட்டும் இரண்டு கணக்கிலும் பொருந்துகிறது. பெரும்பாலான பெட்டிகளில் 9/10 மாற்றும் வசதி இருக்கும். சிலவற்றில் பின்பக்கம் சிறு சுவிட்சாக, சிலவற்றில் பெட்டியை அணைத்து ஏதோ ஒரு பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்கும்படி வைத்திருப்பார்கள். கையேட்டில் பாருங்கள். மாற்றிய பின் சேமித்துவைத்த நிலையங்கள் அழிந்துபோவது வழக்கம்தான்.

பகலில் தெளிவாகக் கேட்கும் நிலையம் இரவில் ஏன் கலங்குகிறது?

பகலில் மத்திய அலை தரையை ஒட்டியே வருகிறது. வானத்தை நோக்கிப் போகும் பகுதியை அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைகிறது. அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்குகின்றன. ஆகவே அதே அலைவரிசையிலோ அடுத்ததிலோ இயங்கும் தொலைதூர நிலையம் உங்கள் நிலையத்தின் மேல் வந்து ஏறிக்கொள்கிறது. நிலையத்தையோ பெட்டியையோ குறை சொல்லிப் பயனில்லை. பெட்டியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்ப்பது ஒன்றே வழி. அது ஏன் உதவுகிறது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

வீட்டுக்குள் ஒரே இரைச்சல், வாசலில் தெளிவாக இருக்கிறது. என்ன செய்வது?

இன்று மத்திய அலைக்கு முதல் எதிரி உங்கள் வீட்டு மின்சாதனங்கள்தான். எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர், டிவியின் மின் அடாப்டர், இன்வெர்ட்டர், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாமே அந்த அலைவரிசைப் பகுதியில் இரைச்சலைக் கக்குகின்றன. விலை மலிவாக வாங்கிய எல்இடி பல்புகளில் இது கூடுதல்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க, ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் சிக்கல் உங்கள் வீட்டுக்குள். நிற்கவில்லை என்றால் பக்கத்து வீடு, தெருவிளக்கு அல்லது மின்கம்பம். வீட்டுக்குள்தான் என்றால் மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வாருங்கள். சார்ஜரில் போன் மாட்டியிருக்கிறதா என்பது கணக்கில்லை, சும்மா செருகியிருந்தாலும் இரைச்சல் வரும். ரேடியோவையே அடாப்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் அந்த அடாப்டரைக் கழற்றுங்கள்; பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, பெட்டியின் திசை. இழுக்கும் ஏரியல் மத்திய அலைக்கு உதவாது, அது பண்பலைக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலையைப் பிடிப்பது பெட்டிக்குள் நீளவாக்கில் படுத்திருக்கும், செப்புக்கம்பி சுற்றிய கருநிற ஃபெரைட் தண்டு. அதன் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி உச்சத்தில் இருக்கும். முனை நோக்கியிருந்தால் ஏறக்குறைய அற்றுப்போகும். இந்த அற்றுப்போகும் கோணம் மிகக் குறுகலானது. அதுதான் நமக்கு ஆயுதம். இரைச்சல் தரும் சாதனத்தையோ இரவில் வந்து ஏறும் அயல் நிலையத்தையோ நோக்கித் தண்டின் முனை இருக்கும்படி பெட்டியை மெல்லத் திருப்பினால், உங்கள் நிலையம் கொஞ்சம் குறைந்தாலும் தொல்லை முழுதாக அடங்கிவிடும். தரையிலிருந்து தூக்கி, ஜன்னலோரம் மரமேசையில் வையுங்கள். இரும்பு பீரோ மேல் வைத்தால் பாதி சிக்னல் போச்சு.

பண்பலை எவ்வளவு தூரம் எட்டும்?

பண்பலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் செல்லும். 10 கிலோவாட் ஒலிபரப்பி சமவெளியில் 60 முதல் 70 கிலோமீட்டர் வரை ஒழுங்காகக் கேட்கும். வாட்டைவிடக் கோபுரத்தின் உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் பல மாவட்டங்களுக்குக் கேட்பதற்கு மலை உச்சிதான் காரணம். அதே சமயம், மலையடிவாரத்தில் பாறைச்சுவருக்குப் பின்னால் இருக்கும் ஊர்களுக்கு அது எட்டாமல் போவதும் உண்டு. சென்னையில் ஆகாசவாணியின் ரெயின்போ பண்பலையை 101.4-ல் கேட்கலாம்.

கைபேசியில் கேட்க இணையம் வேண்டுமா?

பண்பலை ட்யூனர் உள்ள கைபேசி என்றால் வேண்டாம், கம்பியுள்ள ஹெட்செட் மட்டும் போதும். அந்தக் கம்பிதான் ஏரியல். புளூடூத் இயர்போனை மாட்டிவிட்டு "நிலையமே கிடைக்கவில்லை" என்பவர்கள் பலர். இப்போது வரும் கைபேசிகள் பலவற்றில் ட்யூனரே இல்லை, அவற்றுக்கு ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலிதான். திருச்சியை டெல்லியில் இருந்துகொண்டு கேட்கவும் அதுவே வழி. ஒலி ஓடை நொடிக்கு 64 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 29 எம்பி அளவில் செலவாகும். பிரசார் பாரதியின் வேவ்ஸ் தளம் 2024 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் தொடங்கப்பட்டது. தூர்தர்ஷன் சேனல்களும் பழைய நிகழ்ச்சிகளும் அதில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: இணைய ஒலி பல நொடிகள் தாமதமாகவே வரும். செய்திக்கு முன் ஒலிக்கும் நேரக்குறிப்பை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துகிறீர்கள் என்றால் ரேடியோவில் கேட்டுத் திருத்துங்கள்.

நிலையத்துக்கு அருகே நீர்வீழ்ச்சி மாதிரி ஓர் ஓசை கேட்கிறது. அது என்ன?

டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் ஒலிபரப்பாக இருக்கலாம். ஆகாசவாணியின் மத்திய அலை ஒலிபரப்பிகள் சில, அனலாக் ஒலியை ஒட்டியே டிஜிட்டலையும் அனுப்புகின்றன. சாதாரண ரேடியோவுக்கு அது வெறும் இரைச்சல். டிஆர்எம் வசதியுள்ள பெட்டியிலோ சில கார்களின் ரேடியோவிலோ பண்பலைக்கு நிகரான தெளிவில் கேட்கும். தொழில்நுட்பம் நல்லது, வாங்கக்கூடிய விலையில் பெட்டி கிடைக்காததுதான் இதன் பெருங்குறை.

மொட்டைமாடியில் இன்னும் பழைய டிவி ஆன்டெனா இருக்கிறது. அதில் தூர்தர்ஷன் வருமா?

வராது. அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளைத் தூர்தர்ஷன் படிப்படியாக மூடி, எல்லையோரம் போன்ற முக்கிய இடங்களில் ஐம்பது போலச் சிலவற்றை மட்டும் விட்டுவைத்து, 2021-ல் அந்தப் பணியை ஏறக்குறைய முடித்துவிட்டது. கம்பத்தை வேண்டுமானால் டிஷ் மாட்டப் பயன்படுத்துங்கள், ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு.

டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் எவ்வளவு?

தூர்தர்ஷனின் இந்த டிஷ் சேவைக்குக் கட்டணமே கிடையாது. ரீசார்ஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை. டிஷ், அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி, கேபிள், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே தடவை 2,000 ரூபாய் போல ஆகும், அவ்வளவுதான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. இடம் பிடிக்கும் தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டுகின்றன, வருமானம் அதிலிருந்து வருகிறது. ஏலம் எடுப்பவை பெரும்பாலும் இந்தி சேனல்கள் என்பதால், டிடி தமிழ் தவிர்த்துத் தமிழில் கிடைப்பது சொற்பம். தமிழ்த் தொடர்களை நம்பி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஆகாசவாணியின் பல நிலையங்களும் இதே பெட்டியில் ஒலியாகக் கிடைக்கும் என்பது பலர் கவனிக்காத லாபம்.

டிஷ்ஷை நானே திருப்பிவைக்க முடியுமா?

முடியும். அவசரப்படாதவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. செயற்கைக்கோள் ஜிசாட்-15, இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில். 60 சென்டிமீட்டர் டிஷ் போதும்.

முதலில் திசை. வடக்கை 0, கிழக்கை 90, தெற்கை 180 என்று கொண்டால், சென்னையில் 134 பாகை, அதாவது கிட்டத்தட்ட நேர் தென்கிழக்கு. திருச்சியில் 125, கோவையில் 123, மதுரையில் 122, நாகர்கோவிலில் 116. கைபேசியின் திசைகாட்டியைக் கம்பத்துக்கு ஒட்டி வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு அதைத் திசைதிருப்பிவிடும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

அடுத்து உயரக்கோணம். தமிழகம் முழுக்க இது 67 முதல் 69 பாகை வரை. அதாவது செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலேயே இருப்பதுபோல. ஆனால் டிஷ் தட்டைப் பார்த்தால் அவ்வளவு மல்லாந்து இருக்காது. இவை ஆஃப்செட் வகை. தட்டு நோக்குவதாகத் தெரியும் திசைக்கும் உண்மையில் சிக்னல் வாங்கும் திசைக்கும் 22 முதல் 26 பாகை வரை வித்தியாசம் உண்டு. ஆகவே செங்குத்திலிருந்து 43 பாகை அளவில் தட்டு பின்சாய்ந்தால் சரி. பலர் 68 பாகைக்கு மல்லாத்திவைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவார்கள். கம்பம் துளியும் சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கோண அளவுகோலில் பார்க்கும் எண் எதற்கும் ஒத்துவராது.

பெட்டியின் அமைப்பில் எல்என்பி வகையை யுனிவர்சல், 9750/10600 என்று வையுங்கள். டிரான்ஸ்பாண்டராக, அதாவது செயற்கைக்கோள் அனுப்பும் அலைவரிசையாக, 11090, செங்குத்து (வெர்டிகல்), குறியீட்டு வேகம் (சிம்பல் ரேட்) 29500 கொடுத்து சிக்னல் திரையைத் திறந்துவையுங்கள். அங்கே இரண்டு பட்டைகள் தெரியும். வலிமை என்ற பட்டை எல்என்பிக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. டிஷ் சுவரைப் பார்த்திருந்தாலும் அது ஏறிநிற்கும். பார்க்க வேண்டியது தரம் என்ற பட்டையை. உயரத்தை 43-ல் நிறுத்தி, இடவலமாக ஒரு விரல் அளவு நகர்த்துங்கள், இரண்டு மூன்று நொடி நில்லுங்கள், மறுபடி நகர்த்துங்கள். நிற்காமல் சுழற்றினால் பெட்டி சிக்னலைப் பூட்டுவதற்குள் கடந்துவிடுவீர்கள். கிடைக்கவில்லையா, உயரத்தை ஒரு பாகை மாற்றி மறுபடி முதலிலிருந்து. தரம் வந்ததும் உச்சத்தில் நிறுத்தி, எல்என்பியைப் பிடியில் வைத்து மெல்ல முறுக்குங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அதைக் கணிசமாகவே திருப்ப வேண்டியிருக்கும். பிறகு போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் முழுதாக முடுக்கினால் தட்டு அரை பாகை நகர்ந்து, பிடித்ததெல்லாம் போய்விடும்.

எல்என்பி இணைப்பைக் கழற்றும் முன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அந்தக் கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கிறது. நடுக்கம்பி உறையில் பட்டால் பெட்டியின் மின்பகுதி போய்விடும்.

ஓடிக்கொண்டிருந்த டிஷ்ஷில் திடீரென்று படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஏன்?

எப்போது உடைகிறது என்பதே பாதி விடை. கனமழையின்போது மட்டும் என்றால் இயல்பு. அந்த அலைநீளத்தை மழைத்துளிகள் விழுங்கும், விட்டதும் வந்துவிடும். தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் ஏற்கெனவே உச்சத்தில் இல்லை என்று பொருள். மார்ச்சிலும் செப்டம்பர் கடைசி வாக்கிலும் தினமும் முற்பகலில் சில நிமிடம் மட்டும் போகிறது என்றால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர்பின்னால் வந்து நிற்கிறது. சில நாளில் தானே சரியாகும். மழை விட்டு இரண்டு நாளாகியும் வரவில்லை என்றால் கேபிள் முனையில் திருகியிருக்கும் எஃப் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி பளபளப்பாக, இணைப்பின் விளிம்பைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்த முனையை அரையடி வெட்டி எறிந்துவிட்டுப் புது இணைப்பு போடுங்கள். சுரண்டிவிட்டு மாட்டினால் ஒரு மாதம் தாங்காது. எல்என்பிக்குப் போகும் முன் கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சில மாதங்களில் சிறுகச் சிறுகத் தரம் குறைந்தது என்றால் தென்கிழக்கில் இருக்கும் தென்னையோ வேம்போ வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பெட்டியில் சேனல்கள் குறைவாக வருகின்றன. புதிது வாங்க வேண்டுமா?

முதலில் முழுத் தேடல் ஒன்று போடுங்கள். ஏலத்துக்குப் பின் சேனல்கள் இடம் மாறும், பெட்டி பழைய பட்டியலையே வைத்திருக்கும். அதன் பிறகும் குறைவு என்றால் உங்களுடையது எம்பெக்-2 என்ற பழைய படச்சுருக்க முறையில் இயங்கும் பெட்டி. எம்பெக்-4 என்ற புதிய வடிவில் வரும் சேனல்களை அதால் திறக்க முடியாது. அப்போது பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், டிஷ்ஷை மாற்ற வேண்டியதில்லை.

கிரிக்கெட் ஆட்டம் ஃப்ரீ டிஷ்ஷில் வருகிறது. என் கேபிளில் அதே தூர்தர்ஷன் சேனலில் ஏன் வரவில்லை?

கேபிள்காரர் மேல் தப்பில்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று மத்திய அரசு அறிவித்த ஆட்டங்களின் நேரடி சிக்னலை, விளம்பரம் நீக்கி, பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25. வானொலியில் பாதிக்குப் பாதி. ஆனால் அந்த சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிடிஎச் சேவைக்கும் மட்டுமே உரியது, தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் செல்லக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆட்டம் நடக்கும்போது அங்கே வேறு நிகழ்ச்சியோ அறிவிப்போ ஓடும். ஐபிஎல் இந்தக் கட்டாயப் பகிர்வுப் பட்டியலில் இல்லை.

பொதிகை சேனல் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. 2024 ஜனவரி 19 அன்று டிடி தமிழ் என்று பெயர் மாறியது.

கேபிள் இணைப்பில் டிடி தமிழ் கொடுக்காமல் விடலாமா?

விடக் கூடாது. 1995-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். முதலில் ஆபரேட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். சேனல் எண் மாறியிருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். உண்மையிலேயே தரவில்லை என்றால் அந்தச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் கோட்ட அளவில் உள்ள நடுவருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் உண்டு.

வானொலியில் பாட, வாசிக்க என்ன வழி?

குரல்தேர்வு எனப்படும் ஆடிஷன் ஒன்றே வழி. நீங்கள் வசிக்கும் பகுதி எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். மதுரைக்காரர் சென்னைக்கு அனுப்பினால் திரும்பி வரும். கர்நாடக இசையில் தேறியவர்களுக்கு பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரநிலைகள் உண்டு. சன்மானமும் வாய்ப்பும் அதைப் பொறுத்தவை. மேல்தரத்துக்குப் போக மறுபடி தேர்வு உண்டு. நடுவர்கள் பாடுபவரின் முகத்தையோ பெயரையோ அல்ல, ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிட வேண்டும் என்பது இதன் அடிப்படை. எனவே மேடைக் கவர்ச்சி இங்கே செல்லாது. சுருதி விலகல், எழுதிக்கொடுத்த பட்டியலில் உள்ள ராகத்தையே தயார் செய்யாமல் வருவது, கொடுத்த சில நிமிடத்தை ஆலாபனையிலேயே கரைத்துவிடுவது: தோற்பவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் தோற்கிறார்கள். ஹார்மோனியத்துக்கு 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ விதித்த தடை 1971-ல்தான் ஓரளவு தளர்ந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த நிறுவனம் சுருதியில் எவ்வளவு பிடிவாதமானது என்று புரியும்.

சினிமாப் பாட்டுக்கு மட்டும் விவித் பாரதி என்று தனியே ஏன்?

1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரையிசை பிடிக்காது. வானொலியில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. நேயர்கள் அலைவரிசையைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். போனவர்களை மீட்க 1957 அக்டோபர் 3-ல் தொடங்கியதுதான் விவித் பாரதி. 1967-ல் விளம்பரமும் வந்தது.

வானொலியின் உழவர் நிகழ்ச்சிகளால் உண்மையில் பயன் உண்டா?

தஞ்சைப் பகுதியில் 1960-களில் ஆடுதுறை 27 நெல் ரகம் பரவியதில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு. விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள்.

தேர்தல் நேரத்தில் கட்சிகளுக்கு நேரம் எப்படிப் பிரிக்கிறார்கள்?

அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் இலவச நேரம் தருவது 1977 மக்களவைத் தேர்தலில் தொடங்கியது. யாருக்கு எவ்வளவு என்பதைத் தேர்தல் ஆணையம் முடிவு செய்கிறது, எந்த நாள் என்பது குலுக்கலில். உரையை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். பிற நாடுகளை விமர்சிப்பது, மதங்களைத் தாக்குவது, வன்முறையைத் தூண்டுவது, எவரையும் பெயர் சொல்லிச் சாடுவது கூடாது. இந்தச் சரிபார்ப்பு சர்ச்சையில்லாமல் நடப்பதில்லை. 2024 தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவரின் உரைகளில் சில சொற்களை நீக்கச் சொன்னதை அவர்கள் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். அதே தேர்தல் நேரத்தில் டிடி நியூஸ் இலச்சினையைக் காவி நிறத்துக்கு மாற்றியதும் கடும் விமர்சனத்தைச் சந்தித்தது.

புகார் எப்படிக் கொடுத்தால் பலன் கிடைக்கும்?

தேதி, நேரம், அலைவரிசை, உங்கள் ஊர், பெட்டியின் வகை, என்ன கேட்டது என்ற ஆறும் இருந்தால் நிலையப் பொறியாளர் அன்றைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். "அடிக்கடி சரியில்லை" என்று எழுதினால் அது கோப்பில் உறங்கும். ஒலி போய்விட்டதா, அல்லது ஒலிபரப்பே இல்லாமல் வெறும் இரைச்சலா என்று பிரித்து எழுதுங்கள். முதலாவது ஸ்டூடியோ பக்கத்துச் சிக்கல், இரண்டாவது ஒலிபரப்பியுடையது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். மத்திய அரசின் இணையவாசலிலேயே விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். தொலைதூர நிலையத்தைக் கேட்டு, விவரத்தோடு டெல்லி ஆகாசவாணி பவனுக்கு எழுதுபவர்களுக்குக் கியூஎஸ்எல் அட்டை, அதாவது நீங்கள் கேட்டதை உறுதிசெய்யும் அட்டை, அனுப்பும் வழக்கமும் உண்டு. நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தை நாலு வரி எழுதினால்தான் நீங்கள் உண்மையில் கேட்டீர்கள் என்று ஏற்பார்கள்.

புயல் நேரத்தில் எது வேலை செய்யும்?

காற்றில் டிஷ் திரும்பிவிடும், கேபிள் அறுந்துவிடும், கோபுரத்தின் பேட்டரி தீர்ந்ததும் கைபேசியும் ஓய்ந்துவிடும். தொலைவில் இருந்து வரும் மத்திய அலைக்கு உங்கள் ஊரில் எந்தக் கோபுரமும் நிற்க வேண்டிய அவசியமில்லை. ஊரே இருட்டில் இருக்கும்போது வீட்டு மின்சாதன இரைச்சலும் இருக்காது, வழக்கத்தைவிடத் தெளிவாகவே கேட்கும். பென்டார்ச் செல்லில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்று போதும். உங்கள் பகுதிக்குப் பகலில் எட்டும் இரண்டு நிலையங்களின் எண்ணைப் பெட்டியின் முதுகில் எழுதி ஒட்டுங்கள். செல்களை உள்ளே போட்டுவைக்காமல் தனியே வையுங்கள். மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும், புது செல் போட்டாலும் ஓடாது.